முதல்ல முடிச்சிடுவோம்

அவர் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்த முதல் கடிதம் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி' என்று ஆரம்பித்தது. விளையாட்டில்லை, நிஜமாகவே அப்படித்தான் ஆரம்பித்தது. "அதை முதல்ல அடிச்சிடும்மா, மத்ததை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். தாளில் எந்த இடத்தில் அடிப்பதாம்? கடிதம் நாலு வரியா, இரண்டு பக்கமா, யாருக்குத் தெரியும்? நான் டைப்ரைட்டிங் ஹையரில் முதல் வகுப்பு வாங்கியவள். எங்கள் இன்ஸ்டிட்யூட்டில் இப்படி ஒரு பாடமே கிடையாது. "யாருக்கு சார் லெட்டர்?" என்று கேட்டேன். "அது கடைசியில வரும், அவசரப்படாதே" என்றார். அன்று சாயங்காலம் சேலையூரில் எங்கள் வீட்டுக்குப் போய், அந்த ஆளுக்கு மறை கழண்டிருக்கிறது, நாளையிலிருந்து வேலைக்குப் போகமாட்டேன் என்று கத்தினேன். மறுநாள் போனேன். அப்புறமும் போய்க்கொண்டேதான் இருந்தேன்.

மேற்குத் தாம்பரத்தில், தண்டவாளத்தை ஒட்டி ஒரு பிஸ்கட் கம்பெனி அப்போது இருந்தது. அறுபதுகளின் கடைசி. எலெக்ட்ரிக் ரயில் போகும்போதெல்லாம் டின்கள் எல்லாம் சேர்ந்து பல்லைக் கடிக்கும். முதலாளி மெட்ராசில் மவுண்ட் ரோட்டில் உட்கார்ந்திருப்பார். தாம்பரத்துக்கு மேனேஜர் இவர்தான். குள்ளமான மனிதர், அரைக்கைச் சட்டை, மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கையில் ஒரு குடை. பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அவர் பேரன் யாராவது சண்டைக்கு வருவான். நாங்கள் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததும் கிடையாது. மேனேஜர் சார், அவ்வளவுதான்.

எதையும் கடைசியிலிருந்து ஆரம்பிப்பதுதான் அவர் குணம். "முதல்ல முடிச்சிடுவோம், அப்புறம் ஆரம்பிப்போம்" என்பார். இதை ஏதோ பெரிய தத்துவம் மாதிரி சொல்லமாட்டார். காபி ஆறிவிடும் என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொல்வார். பாக்கிங் பகுதிக்குத் தலைவியாக இருந்த கன்னியம்மா அக்கா பெண்ணுக்குக் கல்யாணம் செய்தபோது, இவர் மண்டபத்துக்குள் நுழைந்ததும் நேரே தாம்பூலப் பை கொடுக்கிற இடத்துக்குப் போனார். பையை வாங்கிக்கொண்டார். பிறகு பந்தியில் உட்கார்ந்து முதலில் பாயசத்தைக் குடித்தார். மணமக்களைக் கடைசியாகத்தான் பார்த்தார். "இன்னா சார், வூட்டுக்குக் கெளம்பிட்டியா?" என்று கையில் பையைக் கண்டதுமே வாசலில் நின்ற கன்னியம்மா அக்கா பதறிவிட்டார். "இல்லம்மா, இனிமேதான் வரணும்" என்றார் இவர். மாப்பிள்ளை வீட்டார் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

திட்டும் விஷயத்திலும் அப்படித்தான். ஒரு தடவை மாவு பிசைகிறவர் சர்க்கரை மூட்டைக்குப் பதில் உப்பு மூட்டையைக் கொட்டிவிட்டார். ஒரு நாள் உற்பத்தி முழுக்கப் பாழ். மனிதர் கைகட்டிக்கொண்டு மேனேஜர் அறைக்குள் வந்து நின்றார். இவர் தலை நிமிர்ந்து, "மன்னிச்சாச்சு. உட்காருப்பா. இப்ப என்ன செஞ்சேன்னு சொல்லு" என்றார். அவர் சொன்னார். கேட்கக் கேட்க இவர் முகம் சிவந்தது, காது சிவந்தது, மேசையை ஓங்கிக் குத்தினார். ஆனால் என்ன செய்வது, மன்னிப்பு ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டதே. அந்த பிஸ்கட்டெல்லாம் வண்டலூர்ப் பக்கம் ஒரு மாட்டுப் பண்ணைக்குப் போனது. அங்கே மாடுகள் தண்ணீர்த் தொட்டியை விட்டு நகரவே இல்லை என்று லாரிக்காரர் வந்து சொன்னார்.

இந்தக் குணத்தின் உச்சம் ஜனவரி மாதக் கூட்டம். வருஷத்தின் முதல் சனிக்கிழமை மத்தியானம் பாக்கிங் ஹாலில் பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு எல்லாரும் உட்காருவோம். ஊர் உலகத்தில் கூட்டம் என்றால் எப்படி? முதலில் வரவேற்புரை. அப்புறம் பேச வேண்டிய பொருள்கள். கடைசியில் 'இதர' என்று ஒன்று. அதற்கும் பின்னால் நன்றியுரை. அப்புறம் வடை. எங்கள் கூட்டம் நன்றியுரையில் ஆரம்பிக்கும். உடனே வடை. அடுத்து இதர. அதற்குப் பிறகுதான் பேச வேண்டிய பொருள்கள். கடைசியில் வரவேற்புரை. வரவேற்புரை முடிந்தால் கூட்டம் முடிந்தது என்று அர்த்தம். எல்லாரும் எழுந்து ஸ்டேஷனுக்கு ஓடுவோம்.

சிரிக்காதீர்கள். நான் சிரித்துத்தான் முதல் தலைகீழ்க் கூட்டத்தில் எனக்குப் புரை ஏறியது. ஆனால் இது கிறுக்குத்தனத்தில் பிறந்ததல்ல. நான் சேர்ந்த வருஷம், அவர் இன்னும் புது மேனேஜர், பழைய முறையில்தான் கூட்டம் நடந்தது. அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவருக்கு அன்றோடு ஓய்வு. மாலை போட்டு நிறுத்தியிருந்தார்கள். வரவேற்புரை சொன்னது விற்பனைப் பிரதிநிதி பெஞ்சமின் அண்ணன். அந்த அண்ணன் கையில் மைக் இல்லாவிட்டாலும் இருப்பதுபோல் ஒரு கையை வாய்க்கு நேராக வைத்துக்கொண்டு பேசுவார். "வந்திருக்கும் பெருமக்களே, வர நினைத்து வராதிருக்கும் பெருமக்களே" என்று ஆரம்பித்தால் வராதவர்களைப் பற்றியே பாதி நேரம் போகும். மற்றதெல்லாம் முடிந்து நன்றியுரை வந்தபோது ரயில் சத்தம் கேட்டுவிட்டது. ஒரு கூட்டமே குனிந்து செருப்பு தேடியது. ஹால் காலியானது. பெரியவர் மட்டும் மாலையோடு நின்றுகொண்டு, யாருக்கும் இல்லாத ஒரு கும்பிடு போட்டார். மேனேஜர் சார் அதைப் பார்த்தார். மறு வருஷம் ஏன் சார் இப்படி மாற்றிவிட்டீர்கள் என்று நான் கேட்டதற்கு, "ஒரு மனுஷனுக்கு நன்றி சொல்றதைச் செருப்பு தேடுற நேரத்துல வைக்கலாமாம்மா?" என்றார்.

நன்றியிலும் ஒரு சட்டம் உண்டு. அனைவருக்கும் நன்றி என்று பொதுவாகச் சொல்லித் தப்பிக்க முடியாது. ஒரு ஆளுக்கு, போன வருஷம் செய்த ஒரு காரியத்துக்கு, பெயர் சொல்லி நன்றி சொல்ல வேண்டும். "பெஞ்சமினு, நீ மதுரப் பக்கம் டூர் போய்க்கினு ஊர்ல இல்லாத மாசமெல்லாம் என் காது நல்லாக்கீதுப்பா, ரொம்ப நன்றி" என்று கன்னியம்மா அக்கா ஒரு வருஷம் சொன்னார். பெஞ்சமின் அண்ணன் எழுந்து வணங்கி ஏற்றுக்கொண்டார்.

வடையை முன்னால் வைத்ததற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. பசித்த வாய் எந்தக் கூட்டத்தில் நியாயம் பேசியிருக்கிறது? ஸ்டேஷன் வாசல் கடையிலிருந்து மசால் வடை வரும். பிஸ்கட் கம்பெனியில் இருப்பவன் எவனும் பிஸ்கட் தின்னமாட்டான், அது தெரியும்தானே.

இதரதான் உயிர். மற்ற கூட்டங்களில் இதர என்றதும் தலைவர் கடிகாரத்தைப் பார்ப்பார், எல்லாரும் "ஒண்ணுமில்லைங்க" என்பார்கள். இங்கே வயிற்றில் வடையும், போவதற்கு நேரமும் இருந்ததால் வாய் திறந்தது. அந்த முதல் தலைகீழ்க் கூட்டத்தில், இதர என்று அவர் சொன்னதும் கன்னியம்மா அக்கா எழுந்தார். கோவளத்துப் பக்கம் மீனவர் குப்பத்தில் பிறந்து பெருங்களத்தூரில் வாக்கப்பட்டவர். அலைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை.

"சார், பொம்பளைங்க கக்கூஸுக்குத் தாப்பாளு இல்ல சார்."

"எத்தனை நாளாம்மா இல்ல?"

"கம்பெனி தொறந்ததுலேர்ந்தே இல்ல. உள்ள ஆளு கீதுன்னு தெரியறதுக்குப் பாட்டுப் பாடிக்கினே குந்த வேண்டிக்கீது. இந்தப் புள்ளைங்களாம் ஞானப்பாட்டு பாடுதுங்க. எனக்குப் பாட்டே வராது சார், நான் இன்னா பண்ணுவேன்? மீன் ஏலம் போடறேன்."

ஆமாம், நானும் பாடியிருக்கிறேன். சர்ச் கொயரில் மற்றவர்களோடு சேர்ந்து ஆல்ட்டோ குரல் பாடியவள், அங்கே தனியாகப் பாடினேன். எத்தனையோ கூட்டங்களில் உற்பத்தி, விற்பனை, இலக்கு என்றெல்லாம் பேசிய கம்பெனியில் இது ஒருநாளும் பேச்சுக்கே வந்ததில்லை. மேனேஜர் சார் அப்போதே ஆசாரிக்கு ஆள் அனுப்பினார். தாழ்ப்பாள் போடுகிற சத்தத்துக்கு நடுவில்தான் அன்றைக்கு மற்ற பொருள்களைப் பேசினோம். அந்தப் பொருள்களும் எப்படியோ சீக்கிரம் முடிந்துவிட்டன. கடைசியில் பெஞ்சமின் அண்ணன் எழுந்தார். ரயில் வரப் போகிறதே, வராத பெருமக்களுக்கெல்லாம் நேரம் ஏது? "வருக, வருக, வருக!" என்று மூன்று தடவை சொல்லி உட்கார்ந்தார். நாங்கள் எழுந்து ஓடினோம். வருஷா வருஷம் அப்படித்தான். அந்த மூன்றாவது வருக காதில் விழுந்தால் எங்கள் கால் தானாக எழுந்துகொள்ளும்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்ததில் கண் பட்டது. எழுபதுகள் ஆரம்பித்திருந்த நேரம், டிசம்பர் கடைசியில் ஹெட் ஆபீசிலிருந்து போன். போன் என் மேசையில்தான் இருந்தது, நான்தான் எடுத்தேன். "நீங்க என்னமோ அங்க மீட்டிங்கைத் தலைகீழா நடத்துறீங்களாமே? ஏஜண்டுங்க எல்லாம் சிரிக்கிறாங்க. சின்ன முதலாளி நேர்ல வந்து பார்க்கிறார். முறையா நடக்கலேன்னா தாம்பரத்துக்கு வேற மேனேஜர் வருவார்னு சொல்லிடும்மா."

நான் போய்ச் சொன்னேன். "வரட்டும். வடை கொஞ்சம் சேர்த்துச் சொல்லணும்" என்றார் அவர்.

எங்களுக்கோ பயம். இவருக்கு முன்னால் இருந்த மேனேஜர், யாராவது பாத்ரூம் போனால் கையில் கடிகாரத்தோடு வாசலில் நிற்கிற ஜாதி. தாழ்ப்பாளில்லாத பாத்ரூம் வாசலில். அந்த மாதிரி ஒருவர் திரும்பி வந்தால்? கன்னியம்மா அக்கா என்னிடம் வந்தார். "த பாரு எஸ்தரு, அந்தாளு நமக்காவப் படா பேஜாருல மாட்டிக்கிச்சு. ஒரே ஒரு நாளு, ஊரு ஒலகத்துல நடத்துறா மாதிரி நாமளும் நேரா நடத்திக் காட்டிட்டா இன்னா?" நான் உடனே முறையான வரிசையில் நிகழ்ச்சி நிரலை டைப் அடித்து ஒட்டினேன். மேனேஜர் சார் பார்த்துவிட்டு, "உங்க இஷ்டம்" என்றார். அவர் அப்படிச் சுரத்தில்லாமல் பேசி நான் கேட்டதில்லை.

தினமும் சாப்பாட்டு வேளையில் ஒத்திகை. நான்தான் வாத்தியார். யார் எங்கே உட்கார வேண்டும், எப்போது கை தட்ட வேண்டும், வடையைக் கண்டாலும் காணாத மாதிரி எப்படி இருக்க வேண்டும், எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். ஒரே ஒரு கஷ்டம், பெஞ்சமின் அண்ணன். இத்தனை வருஷம் மூன்று வருகவில் அடக்கி வைத்திருந்த மனிதருக்கு முழு வரவேற்புரை கிடைத்ததும் அணை உடைந்துவிட்டது. சின்ன முதலாளியின் தாத்தாவிலிருந்து ஆரம்பித்தார். பெரிய முதலாளி பிறப்பதற்குள் தினமும் சங்கு ஊதிவிடும், ஒத்திகை கலைந்துவிடும். அவர் பேச்சின் முடிவை நாங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. அதனால் என்ன, முடிவு எங்களுக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை வந்தது. சின்ன முதலாளியும் வந்தார். பம்பாயில் நிர்வாகப் படிப்பு படித்தவர், டை கட்டியிருந்தார், கையில் ஃபைல். முன்வரிசையில் உட்கார்ந்தார். எங்கள் ஆட்கள் தேர்வு எழுத வந்தவர்கள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மேனேஜர் சார் எழுந்து, தொண்டையைக் கனைத்து, ஏதோ கசப்பு மருந்தை விழுங்குகிற மாதிரி, "முதலில்... வரவேற்புரை" என்றார்.

பெஞ்சமின் அண்ணன் கையை வாய்க்கு நேராகக் கொண்டுபோனார். தாத்தா வந்தார், பெரிய முதலாளி பிறந்தார், கம்பெனி பிறந்தது, பிஸ்கட் பிறந்தது. சின்ன முதலாளி தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் ஒழுங்காகப் போனது. கடைசியில் அண்ணன் கண்ணை மூடி, இரண்டு கைகளையும் அகல விரித்து, "எங்கள் சின்ன முதலாளி அவர்களை வருக, வருக, வருக!" என்றார்.

முதலில் கன்னியம்மா அக்காதான் எழுந்தார். அடுத்து பாக்கிங் பெண்கள் மொத்தமாக. அப்புறம் அடுப்புக்காரர்கள், மாவு பிசைகிறவர், லோடு ஏற்றுகிறவர்கள். பெஞ்சு கிறீச்சிட்டது, டிபன் டப்பாக்கள் உருண்டன, வாசலில் செருப்புச் சத்தம் அடைமழை மாதிரி கேட்டது. "உட்காருங்க! உட்காருங்க!" என்று நான் கத்தினேன். கத்தும்போதே என் தோளில் கைப்பை தொங்குவதைக் கவனித்தேன். அதை எப்போது மாட்டினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஹால் காலி. பெஞ்சமின் அண்ணன் மட்டும் கண்ணைத் திறக்காமல் கைதட்டலுக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

சின்ன முதலாளி மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். "வேர் ஆர் தே கோயிங்? எங்க போறாங்க?"

"வீட்டுக்கு சார்" என்றார் மேனேஜர் சார்.

"அப்போ மீட்டிங்?"

"முடிஞ்சிடுச்சு சார்."

"பழக்க தோஷம் சார், அவங்க மேல தப்பில்ல, சார் மேலயும் தப்பில்ல, எல்லாம் இந்த வருகவால வந்தது" என்று என்னென்னவோ உளறினேன். மேனேஜர் சார் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு சின்ன முதலாளி பக்கத்தில் உட்கார்ந்தார். "முதல்ல மன்னிச்சிடுங்க சார். அப்புறம் விசாரிக்கலாம். நான் அப்படித்தான் செய்வேன், சௌகரியமா இருக்கும்" என்றார். வடைத் தட்டை நகர்த்தி வைத்தார்.

சின்ன முதலாளி ஜன்னல் பக்கம் போனார். எங்கள் ஆட்கள் தண்டவாளத்தைக் கடந்து ஓடிக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார்! "எங்க அப்பா மீட்டிங் போட்டா காலையில உள்ள போனவங்க விளக்கு வெச்ச பிறகுதான் வெளிய வர்றாங்க. நடுவுல அப்பா தூங்கிடுவார். அவர் முழிக்கிற வரைக்கும் அத்தனை பேரும் ஆடாம அசையாம காத்துக்கிட்டிருப்பாங்க. ஒருத்தன் எழுந்திருக்க மாட்டான். நீங்க ஒரே வார்த்தையில ரூமையே காலி பண்ணிட்டீங்களே, எப்படி சார்?" என்று கேட்டார். வடையை எடுத்துக் கடித்தார். மேனேஜர் சார் கதையைக் கடைசியிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். சின்ன முதலாளி கேட்டுக்கொண்டே இருந்தார். நான் கன்னியம்மா அக்கா வீட்டுக்குப் போய், சாருக்கு வேலை போகாது என்று சொல்லிக் கட்டிக்கொண்டு குதித்தேன்.

அடுத்த வாரம் மேனேஜர் சார் எங்களை அழைத்தார். "சரின்னு சொல்லிட்டேன்" என்று ஆரம்பித்தார். நாங்கள் காத்திருந்தோம். "ரெண்டு நாள் யோசிச்சேன். என்னால மாட்டேன்னு சொல்ல முடியல. ஹெட் ஆபீஸ் மீட்டிங்கெல்லாம் இனிமே நான்தான் நடத்தணுமாம். மவுண்ட் ரோட்டுக்கு மாத்திட்டாங்க." நாங்கள் ஒழுங்காக உட்கார்ந்திருந்தால் அவர் எங்களோடேயே இருந்திருப்பார். ஒழுங்கீனமாக ஓடியதால் பதவி உயர்வு வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டோம். எனக்கு வந்த ஆத்திரத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் பெஞ்சமின் அண்ணனோடு ஒரு வாரம் பேசவில்லை.

பிரிவு உபசாரக் கூட்டத்தை அவர் இஷ்டப்படியே வைத்தோம். முதலில் நன்றி. "போறதுன்னு ஆயிட்ச்சி, நன்றி ஒண்ணுதான் கொறச்சல். போ சார்" என்று சொல்லிவிட்டு கன்னியம்மா அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். வடையை யாரும் தொடவில்லை. இதர என்றார். அவ்வளவுதான், ஆளாளுக்கு எழுந்தார்கள். தராசு பொய் சொல்கிறது என்றார் ஒருவர். குழாய் சொட்டுகிறது என்றார் இன்னொருவர். மின்விசிறி முனகுகிறது. காலண்டரில் போன மாசம் கிழிக்கவில்லை. "ஜன்னல்ல ஒரு காக்கா வந்து உக்காந்துகினு மொறைக்குது சார்" என்றார் லோடு ஏற்றுகிற அண்ணன். அவர் ஒவ்வொன்றையும் பொறுமையாகக் கேட்டார். காக்கையைப் பற்றிக்கூட, காலையிலா சாயங்காலமா என்று விசாரித்தார். ஜன்னலுக்கு வெளியே ரயில்கள் வருவதும் போவதுமாக இருந்தன.

கடைசியில் பேச எதுவும் மிச்சமில்லை. "பெஞ்சமின், வரவேற்புரை" என்றார்.

வாழ்க்கையில் ஒரு மேடையையும் விடாத பெஞ்சமின் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, "தொண்டை கட்டிக்கிச்சு சார்" என்றார்.

"எஸ்தர், நீ சொல்லும்மா."

"சொல்லமாட்டேன்" என்றேன். கோபமாகத்தான் சொன்னேன். அந்தக் கிறுக்கு மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அந்த நிமிஷம்தான் எனக்கே தெரிந்தது.

அவர் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். குடையை எடுத்துக்கொண்டு அவரே எழுந்தார். "வந்திருக்கிற எல்லாரையும் வருக, வருக, வருகன்னு வரவேற்கிறேன்" என்றார்.

எழுந்து போனது அவர் மட்டும்தான். நாங்கள் உட்கார்ந்தே இருந்தோம்.